சூரியனைப் பள்ளிச் சுவரில் வரைந்தால் நெப்டியூன் அடுத்த ஊரில்

"உடுமலைப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மகள் நாலாவது, மகன் எட்டாவது. சந்திரயான் நிலாவில் இறங்கியதிலிருந்து ரெண்டு பேருக்கும் விண்வெளிப் பேச்சுதான். எட்டுக் கோள்களின் பெயரையும் வரிசையாக ஒப்பிக்கிறார்கள். அதற்கு மேல் எப்படிக் கொண்டுபோவது? நாங்கள் இருவரும் அறிவியல் படித்தவர்கள் இல்லை. டெலஸ்கோப் வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டெலஸ்கோப்பை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன். ஈரோட்டுப் பக்கத்துப் பள்ளிகளில் பல வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். பெயர் வரிசை தெரிந்த பிள்ளைக்குச் சூரியக் குடும்பம் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிள்ளையும் அப்படியே நினைத்துக்கொள்கிறது. புத்தகத்தில் ஒரே பக்கத்துக்குள் சூரியனும் எட்டுக் கோள்களும் இடித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மங்கள்யான் செவ்வாய்க்குப் போக ஏன் பத்து மாதத்துக்கு மேல் ஆனது என்ற கேள்வியே எழாது. தூரமும், அதைக் கடக்க ஆகும் நேரமும் மனதில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம், ராக்கெட் உட்பட, பின்னாலேயே வரும். அதனால் முதல் வேலை, தூரத்தை நடந்து பார்ப்பது.

ஒரு மீட்டர் குறுக்களவில் சூரியனைப் பள்ளிச் சுவரிலோ உங்கள் வீட்டுச் சுவரிலோ சாக்கட்டியால் வரையுங்கள். ஒரு கயிறும் ஆணியும் இருந்தால் வட்டம் சரியாக வந்துவிடும். இந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிஜத்தில் கிட்டத்தட்ட 14,000 கி.மீ. மற்ற சாமானுக்கு அடுப்படிக்குள் போனால் போதும். பூமிக்கும் வெள்ளிக்கும் ஆளுக்கொரு கொண்டைக்கடலை. செவ்வாய்க்கு ஒரு மிளகு. புதனுக்குக் கொத்தமல்லி விதை. வியாழனுக்கு உரித்த தேங்காய், பத்து சென்டிமீட்டர் வருகிற மாதிரி பார்த்து எடுங்கள். சனிக்கு ஒரு மாதுளை. யுரேனஸ், நெப்டியூன் இரண்டுக்கும் சின்ன எலுமிச்சை. நிலாவுக்குக் கடுகு.

அப்புறம் நடக்க வேண்டியதுதான். சுவரிலிருந்து 42 மீட்டரில் புதன், 78-ல் வெள்ளி, 107-ல் பூமி. அந்தக் கடலையிலிருந்து 28 சென்டிமீட்டர் தள்ளி நிலாக் கடுகு. 164 மீட்டரில் செவ்வாய். இதுவரைக்கும் பிள்ளைகள் முன்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதற்கப்புறம்தான் சங்கதி மாறும். வியாழன் 560 மீட்டரில். சனி ஒரு கிலோமீட்டரைத் தாண்டி. யுரேனஸ் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெப்டியூன் 3.2 கிலோமீட்டரில், பெரும்பாலும் அடுத்த ஊர் எல்லைக்குள். செவ்வாய் வரைக்கும் நடந்துவிட்டு மீதிக்கு அப்பாவின் வண்டி மீட்டரை வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. உங்கள் பக்கம் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) வாய்க்கால் மேடு நேராக நீளமாக இருக்கும், ஆனாலும் தண்ணீர் விடுகிற காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகாதீர்கள். வண்டி குறைவாகப் போகிற ஊர்ச் சாலை போதும்.

கோபிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் இதைச் செய்தபோது ஆறாவது படிக்கிற பெண் ஒருத்தி கடலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, திரும்பிச் சுவரைப் பார்த்துவிட்டு, "ஏனுங் சார், இத்தன தூரத்துக்கு நடுவுல ஒண்ணுமே இல்லீங்களா?" என்றாள். மொத்தச் சூரியக் குடும்பத்திலும் முக்கியமான கேள்வி அதுதான் என்பது என் அபிப்பிராயம். ஒன்றுமே இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சிறுகோள் பட்டை என்று படிக்கிறோமே, சினிமாவில் விண்கலம் பாறைகளுக்கு நடுவில் வளைந்து நெளிந்து தப்பிக்குமே, அங்கேகூட ஒன்றுமில்லை என்றுதான் சொல்லவேண்டும். அதில் பெரியதான சீரிஸ் இந்த அளவில் ஒரு ரவைத் துணுக்கு. லட்சக்கணக்கில் பாறைகள் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டினால் நிலாவின் எடையில் நூற்றில் சில பங்குதான் தேறும். நிஜ விண்கலங்கள் எந்தப் பாறையிலும் இடிக்காமல் அந்தப் பட்டையைத் தாண்டிப் போயிருக்கின்றன.

இந்த நடைக்குள்ளேயே ஒளியின் வேகத்தையும் காட்டிவிடலாம். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும் என்று சொன்னால் பிள்ளைக்கு அது வெறும் எண். நம்முடைய அளவில் அது விநாடிக்கு 21 சென்டிமீட்டர் சொச்சம், அதாவது பெரியவர் கையால் ஒரு சாண். சுவரிலிருந்து பூமிக் கடலை வரைக்கும் விநாடிக்கு ஒரு சாண் வீதம் நகரச் சொல்லுங்கள். எட்டு நிமிடம் 20 விநாடி ஆகும். பாதி வழியிலேயே பொறுமை போய் "எறும்புகூட வேகமாப் போகும்" என்பார்கள். போகட்டும். உலகத்திலேயே வேகமானது இந்த மைதானத்தில் இப்படித்தான் நகர்கிறது என்று தெரிந்துவிட்டதல்லவா? நெப்டியூனுக்கு இதே சாண் கணக்கில் நாலு மணி நேரத்துக்கு மேல். அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரிக்கு 4.2 ஆண்டு. அந்த நட்சத்திரத்தை நம்முடைய அளவிலேயே வைக்க வேண்டுமென்றால் 28,000 கி.மீ. தாண்டிப் போகவேண்டும், நிஜ உலகத்தைக் கிட்டத்தட்ட முக்கால் சுற்று சுற்றுகிற தூரம்.

இனி செய்தியில் வருகிற கலங்களை இந்த வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். நம் நாட்டு விண்வெளி வீரர் ஷுபான்ஷு சுக்லா 2025-ல் போய்த் தங்கிய பன்னாட்டு விண்வெளி நிலையம் தரையிலிருந்து 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. நம் கணக்கில் கடலையின் தோலுக்கு மேலே 0.3 மில்லிமீட்டர். மனிதர்கள் இதுவரை போனதில் அதிகத் தூரமே கடுகு வரைக்கும்தான். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 கலம் "சூரியனுக்குப் போனது" என்று எல்லாரும் சொல்கிறோம். 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பி 2024 ஜனவரி 6-ல் அது போய்ச் சேர்ந்த இடம் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. கடலையிலிருந்து சூரியன் பக்கமாக ஒரு மீட்டர் சொச்சம். பாக்கி 106 மீட்டர் அப்படியே கிடக்கிறது. 1977-ல் ஏவிய வாயேஜர் 1 இப்போது 2,400 கோடி கி.மீ.க்கு அப்பால். நம் அளவில் பதினேழு, பதினெட்டுக் கிலோமீட்டர். உடுமலையில் சுவர் இருந்தால் மடத்துக்குளத்தையும் தாண்டி அது போய்க்கொண்டிருக்கும்.

எட்டாவது படிக்கிற பையனுக்கு இதிலிருந்து அடுத்த படி இருக்கிறது. கலம் தூரத்தில் இருந்தால் அதை ஓட்டுவது எப்படி? வீட்டுக் களத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நாலு செங்கல் வையுங்கள். ஒருவருக்குக் கண்ணைக் கட்டிவிடுங்கள், அவர்தான் செவ்வாயில் ஓடும் ஊர்தி. இன்னொருவர் பூமி. பூமி எதையும் கத்திச் சொல்லக்கூடாது. ஒரு கட்டளையைச் சீட்டில் எழுதி, இருபது எண்ணிய பிறகு மூன்றாவது ஆள் கொண்டுபோய்ப் படிக்கவேண்டும். "நில்லு" என்ற சீட்டு போய்ச் சேருவதற்குள் ஊர்தி செங்கலில் கால் இடித்திருக்கும். இரண்டு தடவை இடித்த பிறகு அவர்களே "மொத்தத்தையும் முன்னாடியே எழுதிக் குடுத்தரலாம்" என்று வருவார்கள். "மூணு எட்டு முன்னால, வலது பக்கம் திரும்பு, ரெண்டு எட்டு" என்று எழுதுவார்களே, கம்ப்யூட்டர் நிரல் என்பது அதுதான்.

2014 செப்டம்பர் 24 காலையில் மங்கள்யான் செவ்வாயைப் பிடித்த கதையை அந்த விளையாட்டு முடிந்த கையோடு சொல்லுங்கள். அன்றைக்கு அங்கிருந்து சேதி வர 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். முந்நூறு நாள் தூங்கிக் கிடந்த பெரிய எஞ்சின் 24 நிமிடம் எரிந்து வேகத்தைக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் கலம் செவ்வாயைத் தாண்டிப் போய்விடும். அது எரிந்துகொண்டிருக்கும்போதே செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தும்விட்டது. பெங்களூரில் இருந்தவர்கள் கட்டளைகளை முன்பே ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள், வேறு வழியில்லை. செங்கலில் கால் இடித்துக்கொண்ட பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு புரியும்.

பிள்ளைகள் தவறாமல் கேட்கிற இன்னொன்று: அப்போலோ 11 நாலே நாளில் நிலாவுக்குப் போனதே, சந்திரயான் 3 ஏன் 40 நாள் எடுத்தது? ஆடிப் பதினெட்டுக்குத் தூரி (ஊஞ்சல்) கட்டுவீர்கள் அல்லவா, அதை வைத்தே விளக்கிவிடலாம். பலசாலி ஒருவர் ஒரே உந்தில் தூரியை உச்சிக்கு அனுப்பிவிடுவார். சின்னப் பையன் அப்படிச் செய்ய முடியாது. தூரி கீழே வரும் ஒவ்வொரு முறையும் ஒரு தள்ளு தள்ளினால் அவனும் அதே உயரத்துக்குக் கொண்டுபோய்விடலாம். அப்போலோவின் சாட்டர்ன் 5 ராக்கெட் கிட்டத்தட்ட 3,000 டன். சந்திரயானை ஏவிய நம்முடைய எல்விஎம்3 ராக்கெட் 640 டன். அதனால் சந்திரயான் பூமியை நீள்வட்டத்தில் சுற்றிக்கொண்டே, பூமிக்குப் பக்கத்தில் வருகிறபோதெல்லாம் எஞ்சினைக் கொஞ்சம் எரித்து, வட்டத்தின் மறுமுனையை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனது. 2023 ஜூலை 14-ல் கிளம்பி, ஆகஸ்ட் 5-ல் நிலாவின் பிடிக்குள் போய், 23-ல் இறங்கியது.

சரி, வானத்துக்கு வருவோம். நாலாவது படிக்கும் மகளுக்கு இதுதான் சரியான வயது. ராத்திரி வானத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட நினைக்காதீர்கள். நிலா ஒன்றே ஒரு மாதத்துக்குப் போதும். அமாவாசை கழிந்த மூன்றாம் நாளிலிருந்து முழுநிலா வரைக்கும் தினமும் பொழுதுசாயும் நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, நிலா எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் வரையச் சொல்லுங்கள். கீழே தென்னை மரம், தண்ணீர்த் தொட்டி, பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீடு எல்லாம் அடையாளத்துக்கு இருக்கவேண்டும். கையை நீட்டி மூடிய முட்டி ஏறத்தாழ 10 டிகிரி. நிலா நாளுக்கு ஒரு முட்டியும் கொஞ்சமும் கிழக்கே தள்ளி நிற்கும். முழுநிலா அன்று சூரியன் மேற்கே இறங்க, நிலா கிழக்கே ஏறும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனவர்கள் வீட்டில் இருந்தால் ராத்திரி முழுக்க நிலா கூடவே வந்ததை அவர்களே சொல்வார்கள்.

நிலா ஏன் தேய்கிறது, வளர்கிறது என்று பத்துப் பெரியவர்களைக் கேட்டால் பாதிப் பேர் "பூமியின் நிழல் விழுவதால்" என்பார்கள். தப்பு. பூமியின் நிழல் விழுந்தால் அது சந்திர கிரகணம். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது சுலபம். வளர்பிறை ஏழாம், எட்டாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே வாருங்கள். சூரியன் மேற்கே இருக்கும், பாதி நிலா கிழக்குப் பக்கம் வெளுப்பாகத் தெரியும். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையை நீட்டிப் பிடித்து, நிலாவுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி வைத்துப் பாருங்கள். பழத்தின் மேல் வெயில் விழுந்த பாகமும் நிலாவின் வெளிச்சமான பாகமும் ஒரே வடிவத்தில், ஒரே பக்கம் சாய்ந்து இருக்கும். நிலா ஒரு உருண்டை, அதன் மேல் அடிக்கிறதும் இதே வெயில்தான் என்பது ஒரு வார்த்தைகூடப் பேசாமல் விளங்கிவிடும். கிடைக்கிற செய்முறைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இது. செலவு ஒரு எலுமிச்சம்பழம், அதையும் பிறகு சர்பத் போட்டுக் குடித்துவிடலாம்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு என்று ஒரு வசதி உண்டு. ஆகஸ்ட் 23-ஐத் தேசிய விண்வெளி நாளாகக் கொண்டாடுகிறோம், சந்திரயான் 3 இறங்கிய நாள் அது. பள்ளிகளில் பேச்சுப் போட்டியும் சார்ட் ஒட்டுவதும் நடக்கும். அதே வாரத்தில்தான் நம் பக்கம் நிழலில்லாத நண்பகல் வருகிறது என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. சத்தியமங்கலம் பக்கம் ஆகஸ்ட் 23 வாக்கில், கோவையில் 24 வாக்கில், உங்கள் உடுமலையில் 25, 26 வாக்கில், பகல் 12.20-லிருந்து 12.25-க்குள் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். மொட்டை மாடியில் ஒரு சொம்பைக் கவிழ்த்து வையுங்கள், நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆகஸ்டில் மேகம் கெடுத்தாலும் கெடுக்கும். ஏப்ரலில் இதே சூரியன் வடக்கே ஏறிப் போகும்போது உடுமலையை 17 வாக்கிலும், கோவையை 18, 19 வாக்கிலும், சத்தியமங்கலத்தை 20 வாக்கிலும் தாண்டும். அப்போது வானம் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். கோபியில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போன் போட்டு, அங்கே எந்த நாள் நிழல் மறைந்தது என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். இரண்டு ஊருக்கும் நாள் ஏன் மாறுகிறது என்ற கேள்வியில் பூமி உருண்டை என்பதும், அது சாய்ந்து சுற்றுகிறது என்பதும் அடங்கியிருக்கிறது. சித்திரை வெயில் கொளுத்துவது சூரியன் பக்கத்தில் வந்ததால் என்று நினைப்பவர்களும் உண்டு. பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிற சமயத்தில்.

நிழல் இப்படி மறைகிற நம் பக்கம் ஏறத்தாழ 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அதற்கு உதகையில் இன்னொரு பயன் கிடைத்தது. முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். மலைச்சரிவு ஏறத்தாழ அங்குள்ள அட்சரேகை அளவுக்கே சாய்ந்திருப்பதால், அதன் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அதனால் ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே வானத்துப் பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானி அப்படி ஒரு சரிவைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டினார். ஊட்டிக்குப் போனால் படகு வீட்டோடு திரும்பாமல் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு அங்கேயும் போய்வாருங்கள்.

நிலா மண்ணும் நம் பக்கத்துச் சரக்குதான். நிலாவில் வெளுப்பாகத் தெரியும் மேட்டுப் பகுதிகள் அனார்த்தசைட் என்ற பாறையால் ஆனவை, கறுப்புத் திட்டுகள் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. அனார்த்தசைட் பூமியில் சில இடங்களில்தான் பெரிய அளவில் கிடைக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகள் அவற்றில் சேர்த்தி. சந்திரயானின் ஊர்தியை ஓட்டிப் பார்க்கவும் இறங்குகலத்தைச் சோதிக்கவும் இஸ்ரோவுக்கு டன் கணக்கில் நிலா மண் மாதிரி தேவைப்பட்டபோது அங்கிருந்துதான் பாறை போனது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையினர் அதில் உதவினார்கள். நம்மூர்ப் பாறையைப் பொடித்த மண்ணில் பழகிவிட்டுப் போன பிரக்யான் ஊர்தி, நிலாவின் தென்துருவப் பக்கம் தோராயமாக 69 டிகிரியில் மண்ணை ஆராய்ந்தபோது அங்கேயும் அதே வகைப் பாறைதான் என்று தெரிந்தது. பரமத்தி வேலூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் வழியில் கிடக்கிற வெள்ளைக் கல் ஒன்றை வாங்கிவரச் சொல்லுங்கள். மகளின் நிலா நோட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளட்டும்.

சந்திரயான் 1-ன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்து, தமிழ்வழியில் படித்தவர் என்பது உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கும். 2008 அக்டோபர் 22-ல் கிளம்பிய அந்தக் கலம்தான் இந்தியாவை முதன்முதலில் நிலாவுக்குக் கொண்டுபோனது. சொல்லுங்கள், ஆனால் "நீயும் அவர மாதிரி ஆகணும் கண்ணு" என்பதை மட்டும் சேர்க்காதீர்கள். பரீட்சை ஞாபகம் வந்ததும் பிள்ளைக்கு நிலா கசந்துவிடும். அதைவிட 2019 செப்டம்பரில் சந்திரயான் 2-ன் விக்ரம் இறங்குகலம் கடைசி நிமிடங்களில் விழுந்து உடைந்ததையும், எது தப்பிப்போனது என்று அலசி அதன் மேல்தான் அடுத்ததைக் கட்டினார்கள் என்பதையும் சொல்வது உபயோகமானது.

"கோயிலில் ஒன்பது கிரகம், புத்தகத்தில் எட்டுத்தானே?" என்று மகள் ஒரு நாள் கேட்பாள். அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) முகத்தைப் பார்த்துத் திணறவேண்டாம். கோயில் கணக்கில் சூரியனும் நிலாவும் உண்டு. கண்ணால் பார்க்க முடிகிற ஐந்து கோள்கள் உண்டு. ராகுவும் கேதுவும் நிலாவின் பாதை, வானத்தில் சூரியனின் பாதையை வெட்டுகிற இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வரும்போதுதான் கிரகணம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். இதைக் கேட்டால் அம்மிச்சிக்கும் சந்தோஷம், மகளுக்கும் அமாவாசைதோறும் ஏன் கிரகணம் வருவதில்லை என்பது தெரிந்துபோகும்.

கிரகணம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் கோவை, திருப்பூர்ப் பக்கம் சூரியன் வளையமாகத் தெரிந்தது. நிறைய வீடுகளில் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் இலைச் சந்துகள் வழியாக விழுந்த வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றும் மோதிரமாகக் கிடந்தன, மண்ணைப் பார்த்தாலே போதும், கண்ணுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. தமிழ்நாட்டில் தெரியப்போகிற அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21-ல் கேரளம், தென்தமிழ்நாடு வழியாகப் போகிறது. நம் பக்கம் சூரியனின் பெரும்பகுதி மறையும். வெறும் கண்ணாலோ, எக்ஸ்ரே தாளாலோ, கூலிங் கிளாஸ் போட்டோ சூரியனைப் பார்க்கக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். பைனாகுலர் வழியாகப் பார்த்தால் கண் போய்விடும்.

எடையின்மைக்கு ஒரு சின்ன வேலை. விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசையே இல்லை என்று ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். 400 கி.மீ. உயரத்தில் தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ஈர்ப்பு அப்படியே இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் ஓட்டை போட்டு, விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்து, மாடியிலிருந்து விடுங்கள். விரலை எடுத்ததும் ஒழுகுகிற தண்ணீர், பாட்டில் கீழே விழுந்துகொண்டிருக்கிற நேரத்தில் ஒழுகாது. பாட்டிலும் தண்ணீரும் ஒன்றாக விழுகின்றன, ஒன்றின் மேல் ஒன்று அழுத்தவில்லை. விண்வெளி நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் இப்படித்தான் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போவதால் தரையில் மோதாமல் பூமியைச் சுற்றி விழுகிறார்கள். அந்த வேகத்தில் கோவையிலிருந்து சேலத்துக்கு இருபது விநாடி. நிலையம் நம் ஊருக்கு மேல் போகும் நேரத்தை நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலியில் பார்த்துக்கொள்ளலாம். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குள், மினுக்காமல், நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடக்கும் ஒரு வெளிச்சம். ஒருமுறை பார்த்துவிட்டால் மறுபடி நேரம் பார்ப்பது பிள்ளைகளின் வேலையாகிவிடும்.

மகனுக்கு எஞ்சின்களில் ஆர்வம் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: திரவ எரிபொருள் ராக்கெட்டின் உயிர் பம்பில் இருக்கிறது. எல்விஎம்3-ன் மேல்நிலையில் மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனும் மைனஸ் 183-ல் திரவ ஆக்சிஜனும் இருக்கும். இரண்டையும் எரியறைக்குள் பெரும் அழுத்தத்தில் தள்ளுவது டர்போபம்பு. கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டு தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்தைப் பார்த்திருக்கிற கொங்கு நாட்டுப் பையனுக்கு அதன் படம் ஒன்றும் அந்நியமாக இருக்காது.

இனி டெலஸ்கோப். கடையில் மலிவாகக் கிடைப்பவற்றின் பெட்டியில் நூறு மடங்கு, இருநூறு மடங்கு என்று போட்டிருக்கும். கால் ஆடும், நிலாகூட ஓரிடத்தில் நிற்காது, இரண்டு வாரத்தில் பரணுக்குப் போய்விடும். அந்தக் காசுக்கு 10×50 பைனாகுலர் ஒன்று வாங்கலாம், வாங்க முடியாவிட்டால் யாரிடமாவது கேட்டு வாங்கிப் பாருங்கள். மதில் மேலோ டிராக்டர் மேலோ சாத்திவைத்து ஆடாமல் பார்த்தால் நிலாவின் பள்ளங்கள் தெரியும். முழுநிலாவில் பார்க்காதீர்கள், பாதி நிலாவில் பாருங்கள். நிழல் விழும் ஓரத்தில்தான் பள்ளங்கள் எடுப்பாக இருக்கும். கார்த்திகை நட்சத்திரத்தில் வெறும் கண்ணுக்கு ஆறு தெரிந்த இடத்தில் முப்பது, நாற்பது தெரியும். வியாழனுக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் இரண்டு, மூன்று, சில நாள் நாலு சின்னப் புள்ளிகள் நிற்கும். 1610-ல் கலிலியோ பார்த்த நிலாக்கள். அடுத்த நாள் அதே நேரத்தில் பார்த்தால் இடம் மாறியிருக்கும். அதையும் நோட்டில் வரையட்டும். சனியின் வளையத்துக்குத்தான் பைனாகுலர் போதாது. அதற்குக் கோவை கொடிசியா பக்கத்து மண்டல அறிவியல் மையத்தில் வானம் காட்டும் நிகழ்ச்சி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் ஒரு வருஷம் விடாமல் வரைந்தார்கள் என்றால் அப்புறம் நல்ல டெலஸ்கோப்புக்குச் செலவு செய்யலாம்.

ஆனி, ஆடியில் ஆரம்பிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றும் மேகமும் உங்களை வாரக்கணக்கில் உட்கார வைத்துவிடும். தை பிறந்ததிலிருந்து சித்திரை வரைக்கும் உங்கள் பக்கம் வானம் திறந்து கிடக்கும், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் இன்னும் நன்றாக இருக்கும். எந்தக் கோள் எங்கே நிற்கிறது என்பதற்கு ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளுங்கள். அதை முதல்நாளே பிள்ளைகளிடம் கொடுத்துவிடாமல் நீங்கள் மட்டும் பார்த்து வைத்துக்கொண்டு, வெளியே வந்த பிறகு "அந்தச் சிவப்புப் புள்ளி என்ன சாமி?" என்று கேளுங்கள். வாசல் எல்இடி விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் இருட்டில் நின்ற பிறகு கேளுங்கள்.